பெரியத்தையின் முதுகு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டில் எல்லோரும் இதை ஒத்துக்கொள்வார்கள். பள்ளிக்கூடத்தில் கேட்டால் ‘கொஞ்சம்’ என்பதை எடுத்துவிடச் சொல்வார்கள். பதினாறு வருடமாகக் கணக்கு டீச்சராக இருக்கிறேன். எதைப் பார்த்தாலும் கை தன்னால் சிவப்புப் பேனாவைத் தேடும். கல்யாணப் பத்திரிகை வந்தால் முதலில் எழுத்துப் பிழை பார்ப்பேன், அப்புறம்தான் யாருக்குக் கல்யாணம் என்று பார்ப்பேன். இப்படிப்பட்டவளைப் போட்டோ எடுக்கிறவர்கள் கூட்டம் ஒன்றில் சேர்த்துக்கொண்டார்கள். பாவம், தெரியாமல் செய்துவிட்டார்கள்.

கூட்டம் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். மொத்தம் ஐந்து பேர். செங்கம் ரோட்டில் ஆசிரமத்தைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருக்கும் காபிக்கடை மாடியில் ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்காருவோம். ஆளுக்கு ஒரு படம் காட்ட வேண்டும். போன் கைமாறிக் கைமாறி மேசையைச் சுற்றி வரும். பேங்கில் இருந்து ஓய்வு பெற்ற சார் ஒருவர், சேர்ந்த நாள் முதல் குரங்கு மட்டுமே எடுக்கிறார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர் ஒருவர். ஊரில் பாதிப் பேருக்குப் பார்வையைத் தெளிவாக்கியவர், அவர் படங்கள் மட்டும் எப்போதும் கலங்கல். ஆட்டோ ஓட்டும் அண்ணன் ஒருவர். எங்களில் நிஜமாகவே படம் எடுக்கத் தெரிந்தவர் அவர்தான், ஆனால் அது அவருக்குத் தெரியாது. அப்புறம் நான். ஐந்தாவதாக வந்து சேர்ந்தவர் மருந்துக்கடை அக்கா.

அக்கா வருவதற்கு முன்பே நான் அந்த மேசைக்கு இரண்டு சட்டம் போட்டிருந்தேன். ஒன்று, யாரும் ‘சூப்பர்’ என்று சொல்லக் கூடாது. சொன்னவர் அன்றைக்கு எல்லோருடைய டம்ளரையும் பொறுக்கிக்கொண்டு கீழே கொண்டுபோய் வைக்க வேண்டும். இரண்டு, தன் படத்தைப் பற்றி மற்றவர்கள் பேசி முடிக்கும் வரை எடுத்தவர் வாயைத் திறக்கக் கூடாது. இரண்டாவது சட்டம் முழுக்க முழுக்க பேங்க் சாருக்காகப் போட்டது. ஒவ்வொரு குரங்குக்கும் அவர் குலம் கோத்திரம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். “இது இப்பதான் ஒரு வெள்ளக்காரம்மா கிட்ட இருந்து பிஸ்கட்ட புடுங்கிச்சு, அந்தம்மா கத்துனாங்க பாருங்க...” என்பார். படத்தில் பிஸ்கட்டும் இருக்காது, வெள்ளைக்காரம்மாவும் இருக்க மாட்டார், குரங்கின் வால் மட்டும் இருக்கும்.

குறை சொல்வதற்கும் ஒரு முறை வைத்திருந்தேன். முதலில் ஒரு நல்லதைச் சொல்ல வேண்டும், பிறகு குறை, கடைசியில் அடுத்த தடவை என்ன செய்யலாம் என்பது. யாருடைய மனமும் புண்படக் கூடாதே என்ற நல்லெண்ணம்தான். “குரங்கு நல்லா இருக்கு சார்” என்று ஆரம்பிப்பேன். அதற்கு மேல் நான் சொல்வதைக் கேட்டுவிட்டு சார் அந்த வாரம் முழுக்க வாட்ஸப்பில் குட்மார்னிங் அனுப்ப மாட்டார்.

மலை விஷயத்தில் எனக்கு இந்த ஊரோடே சண்டை. இங்கே மலையேதான் சாமி, யார் எதைப் படம் எடுத்தாலும் பின்னால் மலை விழ வேண்டும். புது ஸ்கூட்டி வாங்கினால் மலையோடு ஒரு படம். மொட்டை போட்ட குழந்தை என்றால் குழந்தை கடுகளவு, மலை முக்கால்வாசி. அதிலும் உச்சி வெட்டுப்படக் கூடாது. உச்சி வெட்டுப்பட்ட படத்தைப் பார்த்தால், “சாமி தலைய வெட்டிட்டீங்களே!” என்று பதறுவார்கள். நானும் இதே ஊரில் பிறந்து வளர்ந்தவள்தான், மலையைப் பார்த்துக் கும்பிடாமல் பஸ் ஏறாதவள்தான். ஆனாலும் படம் என்று வந்தால் எனக்குப் புத்தி வேறு மாதிரி வேலை செய்யும். கோடை விடுமுறையில் யூட்யூபில் ஐம்பது அறுபது பாடம் பார்த்து முடித்திருந்தேன். அந்தத் திமிர் வேறு சேர்ந்துகொண்டது.

மருந்துக்கடை அக்காவுக்கு நாற்பத்து நாலு வயது, என்னைவிட ஐந்து வயது மூத்தவர். பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஒரு மருந்துக்கடையில் கவுண்டரில் நிற்கிறார். எந்த டாக்டரின் கிறுக்கலையும் படித்துவிடுவார். பெங்களூரில் இருக்கும் அவருடைய தம்பி புதுக் கேமரா வாங்கியபோது பழையதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டான். அதை வைத்துக்கொண்டு அக்காவுக்கு ஒரு திட்டம் இருந்தது. சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டார்.

“வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு இதுக்கெல்லாம் ஆம்பளைங்க வந்து கேமராவோட நின்னா பொண்ணுங்க தலையே நிமிர மாட்டேங்குது டீச்சர். நான் போய் நின்னா நிமிரும். அதையே ஒரு தொழிலா பண்ணலாம்னு பாக்கறேன்.”

அக்காவின் வீட்டுக்காரர் ஒரு லாட்ஜில் மேனேஜர். மோசமான மனிதர் இல்லை, நம்பிக்கை இல்லாத மனிதர். “ஒரே ஒரு ஃபங்ஷன் பண்ணு. ஜனங்க நல்லா இருக்குதுன்னு சொன்னா மேல பாப்போம். இல்லன்னா கேமராவ தம்பிகிட்டயே குடுத்துட்டு பேசாம கடைக்குப் போ” என்று சொல்லிவிட்டாராம். அந்த ஒரே ஒரு ஃபங்ஷனையும் அவரே பிடித்துக் கொடுத்தார். மலையடிவாரத்து அடி அண்ணாமலையில் அவருக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் மருமகளுக்கு வளைகாப்பு, ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை. அக்கா அந்தத் தேதியைச் சொன்னபோது, பரீட்சைத் தேதி சொல்லும் பிள்ளையைப் போலக் குரல் கம்மிவிட்டது.

அதற்கு முந்தைய ஞாயிறு அக்கா ஒத்திகை பார்த்த படம் ஒன்றைக் கொண்டுவந்தார். தன் தங்கை வீட்டாரை நிறுத்தி வைத்து எடுத்தது. தங்கை, தங்கையின் வீட்டுக்காரர், மாமியார், இரண்டு பெண் பிள்ளைகள். ஐந்து பேரும் ஒரே வரிசையில், கையைத் தொடையோடு ஒட்டவைத்து, கண் கொட்டாமல் கேமராவைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பின்னால் மலை, உச்சி வரை முழுசாக.

“எல்லார் மூஞ்சியும் பளிச்சுனு தெரியுது” என்றார் கண்ணாடிக்கடைக்காரர். அவருக்கு அது பெரிய விஷயம்.

“மலை நல்லா விழுந்திருக்குதுக்கா” என்றார் ஆட்டோ அண்ணன். “பசங்க அழகு” என்றார் பேங்க் சார். பிறகு போன் என் கைக்கு வந்தது.

“வெளிச்சத்த சரியா புடிச்சிருக்கீங்கக்கா” என்று முறைப்படி ஆரம்பித்தேன். “ஆனா இது போட்டோவா, ஆதார் கார்டா? ஏன் எல்லாரும் ஸ்கூல் பிரேயர்ல நிக்கிற மாதிரி நிக்கறாங்க? வெள்ளிக்கிழமை இப்படி ஒரு படம் கூட எடுக்காதீங்க. யாரையும் கேமராவப் பாருங்கன்னு சொல்லாதீங்க. அவங்க வேலைய அவங்க பாக்கட்டும், நீங்க ஓரமா நின்னு புடிங்க. கிட்டப் போங்க. கை, வளையல், சிரிப்பு, அது போதும். பின்னாடி ஒண்ணும் வேணாம். மலைய விட்டுத் தள்ளுங்க, மலை எங்கயும் ஓடிடாது.”

நடுவில் அக்கா வகுப்பில் பிள்ளைகள் தூக்குவது போல ஒரு விரலைத் தூக்கினார். “ரூல் அக்கா, ரூல்” என்றேன். இன்னும் கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் தூக்கினார். நான் கண்ணாலேயே அடக்கினேன். பத்து நிமிடம் மூச்சு விடாமல் பேசி முடித்து, “ம், இப்ப சொல்லுங்க” என்றேன். அக்கா போனை வாங்கித் தன் படத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் பைக்குள் வைத்தார்.

“ஒண்ணும் இல்ல டீச்சர். நீங்க சொன்ன மாதிரியே எடுக்கறேன்.”

அன்றைக்கு வீட்டுக்குப் போய் என் வீட்டுக்காரரிடம் பெருமை அடித்துக்கொண்டேன். ஒரு பெண்மணியின் வாழ்க்கையையே திருப்பிப் போட்டுவிட்டு வந்திருக்கிறேன் என்கிற மாதிரி. அவர் தினசரியில் இருந்து தலையைத் தூக்காமல், “அவங்க கேட்டாங்களா?” என்று மட்டும் கேட்டார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் வாட்ஸப் குரூப்பில் படங்கள் வந்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அசந்துவிட்டேன். வளைகாப்பில் முதலில் வேப்பங்கொழுந்தை வளைத்துக் காப்பாகப் போடுவார்கள் அல்லவா, அது மணிக்கட்டில் ஏறும் நொடி. கன்னத்தில் சந்தனம் பட்டதும் குளிர்ச்சியில் அந்தப் பெண் ஒரு கண்ணை மட்டும் சுருக்குவது. சீர்வரிசைத் தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒரு குழந்தை யாருக்கும் தெரியாமல் லட்டைப் பிய்ப்பது. பந்தல் துணியின் மஞ்சள் வெளிச்சம் எல்லார் மேலும் விழுந்திருந்தது. ஒருத்தர்கூடக் கேமராவைப் பார்க்கவில்லை. ஒரு படத்திலும் மலை இல்லை. நான் சொன்னதை நான் நினைத்ததைவிட நன்றாகச் செய்திருந்தார். என்ன எழுதுவது என்று தெரியாமல் குரூப்பில் ‘சூப்பர்’ என்று எழுதிவிட்டேன். ஒரு நிமிடத்தில் ஆட்டோ அண்ணன் ஐந்து டம்ளர் படம் போட்டார்.

அடுத்த புதன்கிழமை, பள்ளிக்கூடம் விட்டு வெளியே வந்தால் கேட்டுக்குப் பக்கத்தில் அக்கா நின்றுகொண்டிருந்தார், மருந்துக்கடை நீலக் கோட்டைக்கூடக் கழற்றாமல். முகத்தைப் பார்த்ததும் ஏதோ சரியில்லை என்று தெரிந்துவிட்டது.

“படம் பிடிக்கலையாம் டீச்சர்” என்றார்.

“யாருக்கு?”

“யாருக்குமே.”

வேப்பமரத்தடியில் நின்றுகொண்டே சொன்னார். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்களாம். வந்த பெண்கள் ஒவ்வொருவராக மேலே ஏறி, சந்தனம் தடவி, வளையல் போட்டு, மருமகளின் பக்கத்தில் நின்று, ஒரு படத்துக்காகத் திரும்பினார்களாம்.

“திரும்பி என்னையே பாத்தாங்க டீச்சர். நான் கேமராவ இறக்கிட்டு அந்தாண்ட போயிட்டேன். பாக்கற மாதிரி எடுக்கக் கூடாதுன்னு டீச்சர் சொல்லியிருக்காங்களேன்னு. அவங்க கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு எறங்கிப் போயிட்டாங்க. அடுத்தவங்க ஏறினாங்க. நான் மறுபடியும் இறக்கிட்டேன்.”

ஒருவரா இருவரா? பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்து, ஒரு படத்துக்காகச் சிரித்த முகத்தோடு திரும்பி நிற்கும் அத்தைகளும் சித்திகளும் பெரியம்மாக்களும். எதிரே கேமராவை இறக்கிக்கொள்ளும் அக்கா. அந்தக் காட்சியை நினைக்க நினைக்க எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது.

மிச்சத்தையும் அக்கா சொன்னார். மருமகளின் மாமனாருக்கு ஓர் அக்கா உண்டு, குடும்பமே அவரைப் பெரியத்தை என்றுதான் கூப்பிடும். வேப்பிலைக் காப்பு போட்டது அவர்தான். அந்தப் படத்தில் விரல்கள் மட்டும் இருந்தன. இன்னொரு படத்தில் முதுகு. பெரியத்தைக்கு மூக்குக்கு மேல் கோபம். ‘என் மூஞ்சிய வேணாம்னு சொல்லித்தான் கேமராக்காரிய இட்டாந்தீங்களா?’ என்று தம்பியைக் கேட்டு, குழந்தைக்குப் பேர் வைக்க வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாராம். மாமனாருக்கு அதற்கு மேல் இன்னொரு வருத்தம். பின்னால் மலை விழ வேண்டும் என்பதற்காகவே வழக்கமான பக்கத்தை விட்டுவிட்டுப் பந்தலைத் திருப்பிப் போட்டிருந்தாராம். அவர் லாட்ஜுக்கே போய் அக்கா வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

“ஞாயித்துக்கிழமை பெங்களூர் பஸ்ல கேமராவ அனுப்பிடுன்னு இவரு சொல்லிட்டாரு. கோவமா கூட சொல்லல டீச்சர். அதான் ஒரு மாதிரியா இருக்குது.”

“நீங்க ஏன்க்கா எனக்கு அன்னிக்கே சொல்லல? ஃபங்ஷன்ல இப்படித்தான் கேப்பாங்கன்னு?”

“சொல்லத்தான் பாத்தேன். ரெண்டு வாட்டி கை தூக்கினேன். நீங்க ரூலுன்னீங்க.”

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டில் எனக்குக் காபி இறங்கவில்லை. அலமாரியைக் குடைந்து என் வளைகாப்பு ஆல்பத்தை எடுத்தேன். எல்லாமே ஆதார் கார்டு படங்கள்தான். நடுவில் நான் வீங்கிய முகத்தோடு, பக்கத்தில் ஒவ்வொரு படத்திலும் ஒரு ஆள். ஒரே நாற்காலி, ஒரே கோணம், ஒரே சிரிப்பு. என் மேசைக்கு வந்திருந்தால் ஒன்றைக்கூடத் தேற விட்டிருக்க மாட்டேன். ஒரு சித்தி மூன்று படத்திலும் கண்ணை மூடியிருக்கிறாள். பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக அதை முதல் பக்கத்தில் இருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். அதில் இருக்கும் ஒரு பெரியம்மாவோடு சொத்துத் தகராறில் இப்போது பேச்சே இல்லை. அவர் என் தோளில் கை போட்டுக்கொண்டு, படத்துக்குள் இருந்து நேராக என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் அம்மா இருந்தாள். போய்ச் சேர்ந்து நாலு வருடம் ஆகிறது. அம்மா புகைப்படத்தில் எப்போதும் விறைப்பாகத்தான் நிற்பாள், அன்றைக்கும் அப்படித்தான் நின்றிருந்தாள், கண் இரண்டும் என் மேல். அழுதேன். மறைப்பதற்கு ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன். அப்புறம் முகம் கழுவிவிட்டு அக்காவுக்குப் போன் போட்டு, “சனிக்கிழமை ரெண்டு பேரும் போறோம், கேமராவ எடுத்துக்குங்க” என்றேன்.

சனிக்கிழமை காலையில் ஆட்டோ அண்ணன்தான் அடி அண்ணாமலைக்குக் கூட்டிப்போனார். விட்டு விட்டு மழை பெய்துகொண்டிருந்தது. வழி முழுக்க அக்கா கேமராப் பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் என்ன பேச வேண்டும் என்று மனதுக்குள் மனப்பாடம் செய்துகொண்டே போனேன்.

மாமனார் எங்களை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார், ஆனால் முகம் கொடுத்துப் பேசவில்லை. பெரியத்தை அடுத்த வீடு. ஆள் அனுப்பியதும் வந்தார். எழுபது இருக்கும், மூக்குத்தி, நிமிர்ந்த நடை. வந்தவர் வணக்கத்தைக்கூட வாங்கிக்கொள்ளாமல் அக்காவின் கையில் இருந்த போனை வாங்கினார். நாற்காலியில் சாய்ந்துகொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளினார். இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது யாரு கையி?”

“உங்க கைதாம்மா” என்றார் அக்கா மெதுவாக.

“இந்த முதுகு?”

“அதுவும் உங்களுதுதாம்மா.”

“லட்டு துன்ற புள்ளய எடுத்திருக்கற. முன்னாடி, பின்னாடின்னு ரெண்டு. எனக்கு எடுத்தது முதுகு ஒண்ணு.”

இதற்கு மேல் பொறுக்க முடியாமல் நான் எழுந்து நின்றேன். “அம்மா, தப்பு அவங்களுது இல்ல. இப்படித்தான் எடுக்கணும்னு சொன்னது நான். மலை வேணாம்னு சொன்னதும் நான்தான்.”

பெரியத்தை முதல் தடவையாக என்னைப் பார்த்தார். “நீ யாரும்மா?”

“கணக்கு டீச்சர்.”

“கணக்கு டீச்சரா?” என்று கேட்டுவிட்டுத் தம்பியைப் பார்த்தார். மறுபடியும் என் பக்கம் திரும்பினார். “அப்ப எழுபது பேரு வந்தா எழுபது தலை இருக்கணும்னு உனக்குத் தெரியாதா? நாளைக்கி அந்தக் கொழந்த பெருசாகி, எனக்கு யாரெல்லாம் வந்தாங்கன்னு கேக்கும். இந்தா இது உங்க பெரியத்தன்னு முதுகக் காட்டறதா?”

மனப்பாடம் செய்து வைத்திருந்த எல்லாம் மறந்துபோயிற்று. வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாத பிள்ளைகள் என் முன்னால் எப்படி நிற்பார்களோ அப்படி நின்றேன். அசடு வழிந்ததைத் துடைத்துக்கொள்ளக் கைக்குட்டைகூட இல்லை.

அப்போது அக்கா பேசினார். “அம்மா, பொண்ணு இன்னும் இங்கதான இருக்குது. தெருவுல இருக்கறவங்களயாவது கூப்புடுங்க. இப்பவே எடுத்துத் தரேன். எல்லார் மூஞ்சியும் வரும், மலையும் வரும். நானே நிறுத்தி எடுக்கறேன். ஒருத்தர விட மாட்டேன்.”

பெரியத்தை மருமகளை உள்ளே இருந்து வரச்சொன்னார். அவளுடைய கை நிறைய வளையல், பிரசவம் வரை கழற்ற மாட்டார்கள். பெரியத்தை அந்தக் கைகளைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். பிறகு தம்பியிடம், “பட்டுப்பொடவய கட்டிக்கினு வரேன். அதுக்குள்ள ஜனத்த கூப்புடு” என்றார்.

ஒரு மணி நேரத்தில் வாசலில் இருபது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். எல்லோரும் மறுபடியும் தலை சீவி, மறுபடியும் பூ வைத்து, மடிப்புக் கலையாமல் வந்தார்கள். மருமகளை மலைக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். ஆனால் மலை உச்சியில் மேகம் இறங்கியிருந்தது. பெரியத்தை கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்திவிட்டார்.

“சாமி தலை தெரியட்டும்.”

காத்திருந்தோம். டீ வந்தது. ஒருத்தி இன்னொருத்தியின் பூவைச் சரி செய்தாள். மருமகள் எதற்கோ விழுந்து விழுந்து சிரித்தாள். மழை நின்ற வெளிச்சம் எல்லார் முகத்திலும் பால் மாதிரி இறங்கியது. என் கணக்குப்படி ஒன்பது அருமையான படங்கள் என் கண் முன்னால் வீணாகப் போயின. உதட்டைக் கடித்துக்கொண்டு டீயைக் குடித்தேன். அக்கா கேமராவைத் தூக்கவே இல்லை, மலையைப் பார்த்தபடி நின்றிருந்தார்.

மேகம் விலகியதும் அக்கா ஆளே மாறிவிட்டார். காபிக்கடை மாடியில் விரலைத் தூக்கி அனுமதி கேட்ட அக்காவா இது என்று இருந்தது. “பெரியப்பா, கையக் கீழ விடுங்க. சித்தி, அந்தப் பையக் குடுங்க, டீச்சர் வெச்சிக்குவாங்க. பாப்பா, இங்க பாரு. எல்லாரும் என்னப் பாருங்க. ரெடி.” ஒவ்வொருவராக வந்தார்கள், நின்றார்கள், பார்த்தார்கள். என் கையில் ஏழு கைப்பையும் ஒரு கைக்குழந்தையும் சேர்ந்துவிட்டன. ஒரு இடத்தில் தாங்க முடியாமல், “அக்கா, கொஞ்சம் இந்தப் பக்கம் நகர்ந்தா...” என்று ஆரம்பித்தேன். அக்கா கேமராவில் இருந்து கண்ணை எடுக்காமல், “டீச்சர், மறைக்கறீங்க, நகருங்க” என்றார். மலைக்கும் கேமராவுக்கும் நடுவில் நின்றிருந்தேனாம்.

பெரியத்தையின் படம் கடைசியில். புதிதாக ஒரு ஜோடி கண்ணாடி வளையல் கொண்டுவந்திருந்தார். அதை மருமகளின் கையில் போட்டுவிட்டு, நிமிர்ந்து, நேராகக் கேமராவைப் பார்த்தார். சிரிக்கவில்லை. அக்காவும் சிரிக்கச் சொல்லவில்லை. எடுத்த உடனே பெரியத்தை வந்து கேமராவின் முதுகில் குனிந்து பார்த்தார். மூஞ்சி இருந்தது, மருமகள் இருந்தாள், சாமியின் தலை இருந்தது. “ம்” என்றார். அந்த ஒரு ‘ம்’முக்கு நான் என் பதினாறு வருட சர்வீஸில் எந்தப் பிள்ளைக்கும் மனதாரப் போட்ட ‘நன்று’ எல்லாம் சேர்ந்தாலும் ஈடாகாது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, கையில் குழந்தை இருந்ததால் துடைக்க முடியவில்லை.

கிளம்பும்போது பெரியத்தை ஆட்டோ வரை வந்தார். அக்காவின் தோளைத் தட்டினார்.

“தை மாசம் என் பேரனுக்குக் காதுகுத்து. நீயே வந்து எடு. எங்க பக்கத்து ஜனம் ஜாஸ்தி, ஒருத்தர விடக் கூடாது, சொல்லிட்டேன்.” பிறகு என்னைக் கைகாட்டினார். “இந்த டீச்சரம்மா வேணாம்.”

“சரிம்மா” என்றார் அக்கா.

“இட்டுக்கினு வராத. வேணாம்.”

ஆட்டோ கிரிவலப் பாதைக்குத் திரும்புவதற்குள் அக்கா போனை எடுத்துவிட்டார். முதலில் வீட்டுக்காரருக்கு. “ஏங்க, தை மாசம் காதுகுத்து ஒண்ணு வந்திருக்குது. அந்தப் பெரியம்மாவே கேட்டாங்க. என்னத்தான் வரச்சொன்னாங்க. டீச்சர் வேணாம்னுட்டாங்க!” அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அக்காவின் குரல் ஆட்டோ சத்தத்துக்கு மேல் போயிற்று. முன் சீட்டில் ஆட்டோ அண்ணனின் தோள் குலுங்கியது. அடுத்து பெங்களூர்த் தம்பிக்கு. “கேமரா திரும்பி வராதுடா. ஆமா, காதுகுத்து. இல்ல, நான் மட்டும்தான். டீச்சர் வேணாமாம்.” பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பது அவருக்கு மறந்தே போய்விட்டது. முதலில் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் அறிமுகமான நாளில் இருந்து அக்கா இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. யாரிடமும் அனுமதி கேட்காத குரல். மூன்றாவதாகத் தங்கையைக் கூப்பிட்டுக் காதுகுத்தைச் சொல்லி முடித்து, என் பங்குக்கு வந்தபோது, நான் அவர் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

“அக்கா, வேணாம்னு ரெண்டு வாட்டி சொன்னாங்க. அதையும் சேத்து சொல்லுங்க.”